கடிநூல்: புதுச்சத்திர வட்டாரத்துப் பூச்சிகளும் அவற்றின் நால்வகைக் கடியும்

பாயிரம்

நூல் எழுதப் புகுவோர் ஆக்கியோன் பெயர் தொடங்கிப் பயன் ஈறாக எட்டையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது நன்னூலார் கட்டளை. ஆக்கியோன் பெயர் உங்களுக்கு எதற்கு? கடிபட்டவன் என்ற தகுதி ஒன்றே இந்நூலுக்குப் போதும். நூலின் பெயர் கடிநூல். எல்லை: வடக்கே ஆண்டகளூர் கேட், தெற்கே நாமக்கல், கிழக்கே கொல்லிமலை, மேற்கே திருச்செங்கோடு, நடுவே சேலம் நெடுஞ்சாலையை ஒட்டிய புதுச்சத்திரம். யாப்பு: உரைநடை, இடையிடையே சொந்தச் சரக்கான நூற்பாக்கள். கேட்போர்: கடிபட்டோர், கடிபடப் போவோர், கடிபட்டவரைச் சுற்றி நின்று யோசனை சொல்வோர். பயன்: மூன்றாமவர் வாய் மூடுதல்.

இந்நூலில் பூச்சி என்பது ஆறுகால் உயிர் மட்டும் அன்று. தேளுக்குக் கால் எட்டு. பூரானுக்கு எண்ணப் பொறுமை இல்லாத அளவு. விலங்கியலார் இவற்றைப் பூச்சிக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். ஆனால் இரவு இரண்டு மணிக்குத் துள்ளி எழுந்தவனிடம் போய்க் கால் கணக்குக் கேட்பது அறம் அன்று.

முன்னூல் ஆராய்ச்சி

உயிர்களை வகுத்தவர்களில் நமக்கு மூத்தவர் தொல்காப்பியர். மரபியலில் அறிவின் எண்ணிக்கை கொண்டு அவர் பிரித்தார்: எறும்புக்கு மூன்று, தும்பிக்கு நான்கு, மனிதனுக்கு ஆறு. ஆறறிவு படைத்தவன் மூன்றறிவு உயிரின் புற்றைத் தேடிப் போய் அதன்மேல் ஏன் உட்காருகிறான் என்பதற்கு மட்டும் அவர் இலக்கணம் சொல்லவில்லை.

பிற்காலத்து ஆசிரியர் ஜஸ்டின் ஷ்மிட் என்னும் அமெரிக்கப் பூச்சியியலாளர். கொட்டும் பூச்சிகளின் வலிக்கு ஒன்று முதல் நான்கு வரை மதிப்பெண் போடும் அளவுகோல் ஒன்றை 1983இல் வெளியிட்டார். தேனீக்கு இரண்டு மதிப்பெண். தென் அமெரிக்கக் காட்டிலுள்ள தோட்டா எறும்புக்கு முழு நான்கு. அவர் வழி வந்தவர் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் மைக்கேல் ஸ்மித். தன் உடம்பில் 25 இடங்களில் தேனீயைக் கொட்டவிட்டு, மூக்குத்துவாரமும் மேலுதடுமே மிகக் கொடிய இடங்கள் என்று 2014இல் கட்டுரை எழுதினார். சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கு வழங்கும் இக்நோபல் பரிசு 2015இல் இருவருக்கும் சேர்ந்தே கிடைத்தது.

தியாகம் பெரிதுதான், ஆயினும் இருவரும் அளந்தது வலியை மட்டுமே. நம் வட்டாரத்திலும் இதே பிழைதான் நடக்கிறது. அலறினால் ஊரே ஓடி வருகிறது. அலறாதவனை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இதை மறுத்துச் சொல்லவே நம் நூற்பா:

வலியும் வினையும் இருவேறு நெறிய;
பெரிதும் சிறிதுமாய் உறழ நான்கே.

உரை: வலி என்பது கடித்த நொடியில் தெரிவது. வினை என்பது அக்கடியால் பின்பு உடம்புக்கு விளைவது. இரண்டையும் பெரிது, சிறிது என்று உறழ்ந்தால் வகுப்பு நான்கு ஆகும். இனி அவை.

முதலியல்: வலி பெரிது, வினை சிறிது

ஒற்றைத் தேனீ, ஒற்றைக் குளவி, கருந்தேள், பூரான், கட்டெறும்பு என இவ்வகுப்பில் உறுப்பினர் ஐவர்.

தேனீயை மறுபடியும் வகுக்கலாம். கொல்லிமலைப் பாறையிலும் ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் அடியிலும் ஒற்றை அடை கட்டுவது மலைத்தேனீ. பொந்தில் அடுக்கடுக்காகக் கட்டுவது அடுக்குத்தேனீ. வேலிக் கொம்பில் உள்ளங்கை அகலம் கட்டுவது கொம்புத்தேனீ. சுவர் ஓட்டையில் குடியிருக்கும் கொசுத்தேனீக்குக் கொட்டும் திறன் கிடையாது. ஆதலால் அதற்கு இந்நூலில் இடமும் கிடையாது.

தேனீயின் கொடுக்கில் முட்கள் உண்டு. கொட்டியதும் அது தோலிலேயே சிக்கிக்கொள்ள, தேனீ குடல் பிய்ந்து சாகிறது. ஆனால் கொடுக்கோடு ஒட்டியிருக்கும் நச்சுப்பை, சொந்தக்காரி செத்த பிறகும் நஞ்சை இறக்கிக்கொண்டே இருக்கிறது. அதை எப்படி எடுப்பது என்பதில் இரு கட்சி. நகத்தால் கிள்ளி எடுத்தால் பை பிதுங்கும், அட்டையால் வழித்தே எடுக்க வேண்டும் என்பது பழைய கட்சி. எப்படி எடுத்தாலும் சரி, உடனே எடு என்பது புதிய கட்சி. 1996இல் வெளியான ஓர் ஆய்வு புதிய கட்சிக்கே வெற்றி தந்தது: வீக்கத்தைக் கூட்டுவது எடுக்கும் முறை அன்று, எடுக்கும் தாமதம். வழித்தெடுக்க ஆதார் அட்டையைத் தேடி வீட்டுக்குள் ஓடுபவர் இதைக் கவனிக்க.

குளவியின் கொடுக்கு சிக்காது. எனவே அது ஒரே ஆளை மூன்று முறை கொட்டிவிட்டு வேலைக்குத் திரும்பிவிடும்.

கருந்தேள் பார்வைக்கு எமன். சோளத்தட்டுப் போரின் அடியிலிருந்து கொடுக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் ஆண்பிள்ளைகளும் கட்டில்மேல் ஏறுவார்கள். கொட்டினால் கடுக்கும், சில மணி நேரத்தில் அடங்கும். அதன் பெருமை பெரும்பாலும் உருவத்தில்தான். பூரானும் அப்படியே. நுணுகிப் பார்த்தால் பூரான் வாயால் கடிப்பதே இல்லை. நச்சுக் கொடுக்காக மாறிய முன்னங்கால் இரண்டால் குத்துகிறது. இது கால் வேலை, வாய் வேலை அன்று என்று கடிபட்டவருக்கு விளக்க முயல வேண்டாம்.

இவ்வகுப்புக்கு மருத்துவம்: சோப்புப் போட்டுக் கழுவு, பனிக்கட்டியைத் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வை, கையில் பட்டிருந்தால் வீங்குமுன் மோதிரத்தையும் வளையலையும் கழற்று, அரித்தால் செட்ரிசின், வலித்தால் பாராசிட்டமால்.

இரண்டாமியல்: வலி பெரிது, வினை பெரிது

தனியே நின்றபோது முதலியலில் இருந்தவை கூட்டம் சேர்ந்தால் இரண்டாமியலுக்குத் தாவும். மலைத்தேனீப் படையும் கதண்டுப் படையும் இதற்குச் சான்று.

கதண்டு பனையிலும் தென்னையிலும் குடம் அளவுக்குக் கூடு கட்டும். நாளிதழ்கள் அதற்கு விஷ வண்டு என்று பட்டம் சூட்டியிருக்கின்றன. உண்மையில் அது வண்டு அன்று. குளவிக் குலத்தின் பெரியண்ணன். தேங்காய் பறிக்க ஏறியவரையும், சுடுகாட்டுக்குப் போகும் வழியில் வெடி போட்டவரையும், கல் விட்டுக் குறி பார்த்த பள்ளிப் பிள்ளையையும் அது ஒன்றாகவே நடத்தும். பல கொட்டு ஒரே நேரத்தில் விழுந்தால் நஞ்சு தசையையும் சிவப்பணுக்களையும் சிதைக்கும். சிதைந்தவை போய்ச் சிறுநீரகத்தை அடைக்கும். வலி தணிந்து வீடு திரும்பியவருக்கு அடுத்த ஓரிரு நாளில் சிறுநீர் கறுத்துக் குறைவது இதனால்தான். ஆகவே கூட்டமாகக் கொட்டுப்பட்டவர் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் மருத்துவமனையில் தங்கியே தீர வேண்டும்.

படை வந்தால் செய்வன: முகத்தைத் துணியால் மூடி நேரே ஓடு, கதவு உள்ள அறைக்குள்ளோ கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள்ளோ புகு. செய்யாதன: கை வீசாதே, கிணற்றில் குதிக்காதே. முதல் தேனீ கொட்டும்போதே பழுத்த வாழைப்பழ வாசனை கொண்ட ஒரு வேதிப்பொருளை வெளியிடுகிறது. தோழியருக்கு அதுவே போர் முரசு. நீ தண்ணீருக்குள் எத்தனை நேரம் மூச்சடக்குவாய் என்று அவை மேலே காத்திருக்கும். கூட்டை அழிக்கத் தீப்பந்தம் கட்டும் வீரர்களுக்கு ஒரு செய்தி: அதற்கென்றே தீயணைப்பு, மீட்புப் பணித் துறை இருக்கிறது, எண் 101.

மூன்றாமியல்: வலி சிறிது, வினை சிறிது

இந்த இயல் சிறிது. இதில் வருவனவும் சிறியன. சிற்றெறும்பு, தலைப்பேன், மூட்டைப்பூச்சி, கோழிச் செள்ளு, கம்பளிப்புழு.

மூட்டைப்பூச்சி இரத்தம் குடிக்கும், தூக்கம் கெடுக்கும், விருந்தாளி முன் மானம் வாங்கும். ஆயினும் அது மனிதருக்கு நோய் பரப்பியதாக நிறுவப்படவில்லை. கோழிச் செள்ளு பண்ணை வேலைக்குப் போய் வருவோரின் சட்டையில் வீடு வரை வரும். சட்டையைத் தனியே வெந்நீரில் துவைத்தால் கணக்கு முடிந்தது. முருங்கையிலிருந்து தோளில் விழும் கம்பளிப்புழுவின் மயிர்களை எடுக்க, ஒட்டும் டேப்பை அழுத்தி ஒட்டி உரிப்பதே வழி. கையால் தேய்த்தால் மயிர் இன்னும் ஆழமாக இறங்கும்.

பண்ணையை ஒட்டிய ஊர்களில் சோற்றுத் தட்டை மொய்க்கும் ஈயை எதில் சேர்ப்பது என்று கேட்கலாம். வீட்டு ஈ கடிக்காது. அதன் வாய் ஒற்றியெடுக்கத்தான் உதவும். மாட்டின் காலைக் கடித்து உதறச் செய்யும் மாட்டு ஈ பார்வைக்கு அதைப் போலவே இருந்தாலும் இனம் வேறு. வீட்டு ஈக்கு எதிரான மனுக்கள் கடிநூலில் அடங்கா. கோழி எருவைக் காயவைத்து அள்ளும் இயல் தனி நூலாக விரியத் தக்கது.

நான்காமியல்: வலி சிறிது, வினை பெரிது

இந்நூல் எழுந்ததே இந்த இயலுக்காக.

முதல் உறுப்பு ஏடிஸ் கொசு. உடம்பில் வெள்ளைக் கோடு, பகலில் கடி, நல்ல தண்ணீரில் முட்டை. டெங்கு அதன் கைச்சரக்கு. நம் ஆட்கள் இரவு பத்து மணிக்குச் சுருள் கொளுத்துகிறார்கள். ஏடிஸோ காலையிலும் மாலை மங்குமுன்னும் வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கும். அதன் வீடு எது? சிமெண்டுத் தொட்டி, மூடாத டிரம், முற்றத்தில் ஓய்வுபெற்ற ஆட்டுக்கல், தேங்காய்த் தொட்டி. லாரிகளின் ஊரான நாமக்கல் வட்டாரத்துக்கே உரிய சிறப்பு மாளிகை பட்டறை ஓரம் கிடக்கும் பழைய டயர். அதன் முட்டை தண்ணீர் வற்றினாலும் மாதக் கணக்கில் சாகாமல் சுவரில் ஒட்டிக் கிடக்கும். எனவே தொட்டியைக் கவிழ்த்தால் போதாது. வாரம் ஒரு முறை உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்பதே இந்த வாரக் கணக்கின் காரணம்.

இரண்டாம் உறுப்பு கண்ணுக்கே தெரியாதது. புல், புதர், வரப்பு ஓரத்தில் காத்திருக்கும் நுண்ணுண்ணியின் குஞ்சு. அது கடிப்பது தெரியாது; ஒரு வாரம் முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் கடுந்தலைவலியும் வரும். நாளிதழில் உண்ணிக் காய்ச்சல் என்றும் மருத்துவச் சீட்டில் ஸ்க்ரப் டைபஸ் என்றும் எழுதப்படுவது இதுவே. கடித்த இடத்தில் பலருக்குச் சிகரெட்டால் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு இருக்கும். அதுவும் அக்குள், அரை, மார்பின் கீழ் என்று நோயாளி காட்டக் கூசும் இடம் பார்த்தே இருக்கும். காட்டாமல் மறைத்தால் உயிர் போகலாம். காட்டினால் டாக்ஸிசைக்ளின் என்னும் மலிவான மாத்திரை காப்பாற்றும். காய்ச்சலோடு மருத்துவரிடம் போனால் ஆடு மேய்த்ததையும் புல் அறுத்ததையும் சொல்லுங்கள்.

மூன்றாம் உறுப்பு செந்தேள். கருந்தேளைவிடச் சிறிய உருவம். செங்கல் அடுக்கும் விறகுக் கட்டும் அதன் இருப்பிடம். பூச்சியியலார் ஃபப்ரீசியஸ் 1798இல் அதற்கு இட்ட பெயரிலேயே தமுலஸ் என்று தமிழர் அடையாளம் ஒட்டியிருக்கிறது. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அதன் நஞ்சு நரம்பு வழியே இதயத்தைத் தாக்கும். கொட்டிய இடத்தில் துடிக்கத் துடிக்க வலித்தால் பெரும்பாலும் தப்பித்தோம் என்று பொருள். வலி அடங்கி, உடம்பெல்லாம் வியர்த்து, வாந்தி வந்து, கைகால் சில்லிட்டால் அங்கேதான் ஆபத்து. குழந்தைகளுக்கு இன்னும் அதிகம். மகாராஷ்டிரத்தின் மகாட் என்னும் சிற்றூரில் இத்தகைய சாவுகளைக் கண்டு சலித்த மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிரசோசின் என்னும் சாதாரண மாத்திரை இதை முறியடிப்பதை 1980களில் கண்டறிந்தார். கொட்டுப்பட்டு நிலை மோசமானவர்களில் பத்துக்கு மூவர் என்றிருந்த சாவு நூற்றுக்குச் சிலர் என்று இறங்கியது. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. மாத்திரை மலிவுதான், ஆனால் அளவும் நேரமும் மருத்துவர் கையில்.

நான்காம் உறுப்பு பூச்சியே அன்று. இரவில் பாம்பின் பெயரைச் சொல்லக் கூடாது என்று பூச்சி என்றே சொல்வது நம் வழக்கம். கட்டுவிரியன் இதைப் பயன்படுத்திக்கொள்கிறது. தரையில் பாய் விரித்துத் தூங்குபவரை நள்ளிரவில் அது தீண்டினால் வலி அநேகமாக இராது. தடமும் எறும்புக் கடி அளவே. விடியலில் வயிற்று வலி, பிறகு கண்ணிமை சரிவு, விழுங்க முடியாமை, மூச்சுத் திணறல். தூக்கத்தில் ஏதோ பூச்சி கடித்தது என்று சொல்பவருக்கு இமை தொங்கினால், அவரை நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புக.

நூற்பா:
கத்தினான் பிழைப்பான், கத்தாதான் கவனிக்க.

புறனடை

மேற்சொன்ன நால்வகையில் அடங்காதன இரண்டு.

ஒன்று, கடிக்காமலே புண் ஆக்கும் பூச்சி. மழைக்காலத்தில் விளக்கைத் தேடி வரும் கறுப்பும் சிவப்பும் கலந்த ஒரு மெல்லிய வண்டு கழுத்தில் உட்காரும். அதைத் தட்டி நசுக்கினால் உள்ளிருக்கும் சாறு பட்டு மறுநாள் தீக்கோடு போல் கொப்புளிக்கும். உடனே அக்கி என்று முடிவு கட்டிச் செங்காவியால் சிங்கம் எழுதுவிப்பார்கள். சிங்கம் வந்தாலும் வராவிட்டாலும் அது ஓரிரு வாரத்தில் ஆறிவிடும். வண்டை நசுக்காமல் ஊதித் தள்ளிவிட்டு அந்த இடத்தைச் சோப்பால் கழுவினால் சிங்கத்துக்கு வேலை இல்லை.

மற்றொன்று, ஒவ்வாமை. பிரெஞ்சு அறிஞர் ரிஷே நாய்களுக்குக் கடல்வாழ் உயிரின் நஞ்சைச் சிறிதளவு கொடுத்தார். முதல் முறை தாங்கிய நாய் சில வாரம் கழித்து இன்னும் குறைந்த அளவுக்கே நிமிடத்தில் செத்தது. 1902இல் இதை வெளியிட்ட அவருக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது. போன முறை ஒன்றும் ஆகவில்லை என்பது இந்த முறைக்கு ஜாமீன் ஆகாது. ஒற்றைத் தேனீயையும் முதலியலிலிருந்து இரண்டாமியலுக்குத் தூக்கிப் போடும் வல்லமை ஒவ்வாமைக்கு உண்டு. அதற்கு மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி ஒன்றே.

வைத்தியர் இயல்

கடித்த இரண்டு நிமிடத்தில் கூடும் வைத்தியர் அறுவகைப்படுவர்.

சுண்ணாம்பர்: “மாமா, வெத்தலப் பையில சுண்ணாம்பு இருக்குதுங்களா?” என்று தொடங்குவார். தேனீ நஞ்சு அமிலம், சுண்ணாம்பு காரம், இரண்டும் சேர்ந்தால் சமன் என்பது அவர் வேதியியல். நஞ்சு தோலுக்கு அடியில். சுண்ணாம்பு தோலுக்கு மேல். இரண்டும் சந்திப்பதே இல்லை. நஞ்சின் வேலையைச் செய்வதும் அமிலம் அன்று, மெலிட்டின் என்னும் புரதத்துண்டு. சுண்ணாம்பு செய்வது தோலைப் பொத்துவது மட்டுமே.

வெங்காயத்தார்: சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்ப்பார். தீமை இல்லை, வெங்காயம் விலை ஏறிய மாதத்தில் மட்டும் நட்டம்.

மந்திரிப்பார்: வேப்பிலை அடித்துத் திருநீறு ஊதுவார். கருந்தேள் வலி சில மணியில் தானே இறங்கும். இறங்கும் நேரத்தில் யார் ஊதினாரோ அவருக்கே புகழ்.

கீறுவார், கட்டுவார்: பிளேடும் கயிறும் தேடுவர். கீறினால் புண், இறுக்கினால் இரத்த ஓட்டம் நிற்கும். நஞ்சு போவதில்லை, விரல்தான் போகும்.

மண்ணெண்ணெயர்: ஒட்டிய உண்ணியின்மேல் எண்ணெய் ஊற்றுவார், தீக்குச்சி வைப்பார். உண்ணியைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேரே இழுப்பதே முறை.

ஆகாதார்: “அட ஒண்ணும் ஆகாது கண்ணு, தூங்கி எந்திரிச்சா சரியாப் போயிரும்” என்பார். அறுவரில் கொடியவர் இவரே. மற்றவர் கெடுத்தால் தோலைக் கெடுப்பர். இவர் நேரத்தைக் கெடுப்பார்.

காப்பியல்

செருப்பையும் கொடித் துணியையும் உதறிப் போடு. விறகும் தட்டும் எடுக்கும்முன் குச்சியால் தட்டு. சுவர் வெடிப்பைப் பூசு. புற ஊதா டார்ச் அடித்தால் தேள் பச்சையாக மின்னும். இரவில் தொழுவத்தை ஒரு சுற்று வந்தால் குடித்தனக் கணக்கு தெரியும். தரையைவிடக் கட்டில் நல்லது. கட்டிலைவிட, ஓரம் செருகிய கொசுவலையோடு கூடிய கட்டில் நல்லது.

கொசுச்சுருள் ஜப்பானிய உயேயாமா குடும்பத்தின் கொடை. 1902இல் கடைக்கு வந்தது. மூடிய அறையில் ஒரு சுருள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வரை சமம் என 2003 ஆய்வு ஒன்று கணக்கிட்டது. சன்னலைத் திறந்து வைத்துக் கொளுத்துக. அல்லது வலையை நம்புக. வயலுக்குப் போவோர் 1946இல் அமெரிக்க ராணுவம் பயன்படுத்தத் தொடங்கிய டீட் கலந்த களிம்பைப் பூசலாம்.

நூற்பயன்

இவ்வளவும் படித்தும் எந்தப் பூச்சி, எந்த இயல் என்று நினைவு வராவிட்டால் குற்றமில்லை. மூச்சு இழுப்பு, முகமோ நாக்கோ வீங்குதல், உடம்பெல்லாம் தடிப்பு, தலைசுற்றல், திரும்பத் திரும்ப வாந்தி, குளிர்ந்த வியர்வை, இமை சரிதல், சிறுநீர் கறுத்தல், பல கொட்டு ஒருங்கே விழுதல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் வகைப்படுத்த நிற்க வேண்டாம், 108ஐ அழையுங்கள். ஒன்றுமே இல்லையெனில் சோப்பு, தண்ணீர், பனிக்கட்டி, பொறுமை. கடிநூல் முற்றிற்று.